எஸ்தர் தைத்த நான்காவது மூலை

எஸ்தர் நாட்ரஸின் வீட்டுக்குள் யார் போனாலும் முட்டி போட்டுத்தான் போக வேண்டும். முன்னறை முழுக்கப் போர்வைச் சட்டம் கிடக்கும். இரண்டு நீளக் கட்டை, அவற்றை விரித்துப் பிடிக்க இரண்டு குறுக்குப் பட்டை, நடுவில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டிய துணி. அடுப்புப் பக்கம் போக வேண்டுமானால் அதற்கு அடியில் தவழ்ந்துதான் ஆக வேண்டும். சபைப் போதகர் ஒருமுறை தொப்பியோடு தவழப் போனார். மறுபக்கம் எழுந்தபோது தொப்பி இல்லை.

"மோட்சத்துக்கும் இப்படித்தான் ஐயா போகணும், தொப்பியைக் கழட்டிட்டு" என்றாள் எஸ்தர்.

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் நிலக்கரிச் சீமையில் ரேவன்சைக் என்ற ஊரில் அவள் பிறந்தாள், வாழ்க்கைப்பட்டாள், தாலியறுத்தாள் என்று நம் பேச்சில் சொல்லலாம். அங்கே தாலி இல்லை, ஆனால் அறுபடுவது அங்கேயும் அதேதான். ஐசக் நாட்ரஸைச் சுரங்கத்திலிருந்து பலகையில் வைத்துக் கொண்டுவந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிள்ளை இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. வீடு சுரங்கக்காரர்களின் வீடு. கரி வெட்ட ஆள் இருக்கும் குடும்பத்துக்குத்தான் அது. பதினைந்தாம் நாள் காலி செய்யச் சொன்னார்கள். ஓடைக்கரையில் யாரும் வேண்டாம் என்று விட்டுவைத்திருந்த ஒரு பழைய வீட்டுக்கு அவள் போனாள். சட்டத்தின் கட்டைகளை நான்கு பெண்கள் தோளில் தூக்கிவந்தார்கள். பார்த்தவர்கள் இன்னொரு சாவோ என்று திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். ஒருவனுக்கு ஐந்து பிள்ளைகள், இன்னொருவனுக்குப் பல் இல்லை.

"எனக்குத் துணி போதும். அது குறட்டை விடாது" என்று இருவரையும் அனுப்பிவைத்தாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் நாலு வருஷம். கையெழுத்துப் போடுவாள், அதற்கு மேல் இல்லை. ஆனால் துணிமேல் அவள் கை போன மாதிரி வேறெவள் கையும் போனதில்லை. ஊரில் மற்ற பெண்கள் அட்டையில் வெட்டிய இலையையும் பூவையும் துணிமேல் வைத்து, அதைச் சுற்றி ஊசியால் கீறி, கீறின தடத்தில் தைப்பார்கள். எஸ்தர் அட்டை வைத்துக்கொள்ளவில்லை. மழுங்கின ஊசி ஒன்றை எடுத்துத் துணிமேல் இழுப்பாள். கீறல் காற்புள்ளி மாதிரி வளைந்து, வளைந்தது இறகாகி, இறகு சுருண்டு பெரணி ஆகும். இதெல்லாம் ஒரே நிறத் துணியில். மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் பஞ்சு. தைத்த இடம் பள்ளம், தைக்காத இடம் மேடு. உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் முழுப் படமும் எழுந்து நிற்கும். அதனால் வந்தவர்களிடம் போர்வையைக் காட்டுவதென்றால் சாயங்காலம் வரச் சொல்வாள். மதியம் வந்தவர்களிடம் மதியம் வந்ததுக்காகத் திட்டுவாள்.

கல்யாணப் போர்வைக்கு மட்டும் சில சட்டதிட்டம் உண்டு. இதய வடிவம் அதில்தான் வரலாம், வேறெதிலும் வரக்கூடாது. விளிம்பைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி ஒரு முறுக்குக் கரை ஓட வேண்டும். அந்த முறுக்கு நான்கு மூலையிலும் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கேயும் அறக்கூடாது. அறுந்தால் அதன் அடியில் படுக்கும் இரண்டு பேரில் ஒருவர் ஆயுசு அறும். இதை நம்புகிறேன் என்று ரேவன்சைக்கில் ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். போதகர் எதிரே சிரிக்கக்கூடச் செய்வாள். ஆனால் முறுக்கு அறுந்த போர்வையைப் பெற்ற மகளுக்குக் கொடுப்பாளா என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

முறுக்கைச் சேர்ப்பதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் நாடா வைத்து அளந்து, நடுவில் புள்ளி வைத்து, நடுவிலிருந்து இரண்டு மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போனால் போச்சு. ஏனென்றால் சட்டத்தில் முழுப் போர்வையும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கை அளவுதான் வெளியே இருக்கும், மிச்சமெல்லாம் கட்டையில் சுருண்டிருக்கும். தப்பு எங்கே நடந்தாலும் கடைசி மூலைக்கு வந்த பிறகுதான் முகத்தைக் காட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் ஹெப்சிபா கூல்தார்ட் பீச்சுப்பழ நிறத்துச் சாட்டின் துணியோடு வந்தாள். எஸ்தரும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருத்தியை ஒருத்திக்குப் பிடிக்குமா என்று கேட்டால் இருவரும் யோசிப்பார்கள். ஹெப்சியின் ஒரே மகன் கத்பர்ட், டாக்டர் வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்த லாவினியாவைக் கட்டப் போகிறான். போர்வை பெண் வீட்டு முறை. ஆனால் லாவினியாவுக்குத் தாய் இல்லை, பிறந்த ஒன்பதாம் நாளே போய்விட்டாள்.

"அம்மா இல்லாத பொண்ணு. நான்தான் ரெண்டு பக்கமும் செய்யணும்" என்றாள் ஹெப்சி. "ஜூன்ல கல்யாணம். நிதானமா செய். ஊரு பாக்கணும்."

"நான் என்னைக்கு ஊரு பாக்காத மாதிரி செஞ்சேன்?"

"அதுக்குத்தான் வாயை மூடிட்டு உங்கிட்ட வந்தேன்."

நிதானத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. மார்ச் மாதம் ஹெப்சி மறுபடி வந்து நின்றாள், உட்காரவில்லை.

"கல்யாணம் ஏப்ரல்ல."

"ஏன்? ஜூன் மாசம் ஊரை விட்டு ஓடிப்போச்சா?"

"லாவினியாவுக்குப் பாவாடைக் கொக்கி மாட்ட மாட்டேங்குது. போதுமா?"

"போதும். உன் பையனுக்கும் பொறுமை உன்னை மாதிரிதான்."

"மூணு வாரத்துல முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். இதயமும் முறுக்கும் இல்லாத சாதாரணப் போர்வையாகச் செய்துவிடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். எஸ்தருக்கு அந்தச் சொல் வராது. வந்தால் நாக்கு அழுகிவிடும் என்பது போல ஒரு திமிர். "முடியும்" என்றாள்.

அளந்து புள்ளி வைக்க ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தாள். நாற்பது கல்யாணப் போர்வைக்கு மேல் தைத்த கண் இது, இதற்கு நாடா எதற்கு என்று மூலையிலேயே ஊசியை வைத்து இழுக்க ஆரம்பித்தாள். நடுவில் பெரிய இதயம், அதைச் சுற்றிப் பெரணி, பெரணிக்கு வெளியே சிப்பி சிப்பியாக அலை. சொல்லக்கூடாது, அவள் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது. விரல்நுனி புண்ணாகி, துணியில் ரத்தம் பட்டு, எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். அவரவர் ரத்தம் அவரவர் எச்சிலுக்குத்தான் போகும் என்பது தையல்காரி அத்தனை பேருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நான்காவது மூலைக்கு வந்தாள். இந்தப் பக்கத்து முறுக்கும் அந்தப் பக்கத்து முறுக்கும் எதிரெதிரே வந்து நின்றன. நடுவில் மூன்று விரல் இடம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சேராமல் நின்றன.

பிரித்துத் தைக்கப் பத்து நாளாவது வேண்டும். அடுப்பில் வைத்த டீ கொதித்துக் கறுத்துப்போகும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மழுங்கின ஊசியை எடுத்து, அந்த இடைவெளியின்மேல் ஒரு ரோஜா வரைந்தாள். ரோஜாவின் இரண்டு பக்கமும் இரண்டு இலை. முறுக்கு இலைக்கு அடியில் நுழைந்து, பூவுக்குக் கீழே ஓடி, மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி. எவ்வளவு நல்ல கையோ அவ்வளவு நல்ல பொய்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஹெப்சி வீட்டுக் கட்டிலில் போர்வையை விரித்தார்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கத்பர்ட்கூட, நிலக்கரியைத் தவிர எதையும் உற்றுப் பார்க்காதவன், "அம்மாடி" என்றான். ஹெப்சி மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் நடந்தாள்.

"இந்த மூலையில மட்டும் என்னடி ரோஜா?"

எஸ்தர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் சின்னப் பொய்யாகச் சொல்லியிருப்பாள்.

"அம்மா இல்லாத பொண்ணாச்சே. அவ அம்மாவுக்காக ஒண்ணு வெச்சேன்."

லாவினியா அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். வந்து, அந்த ரோஜாவைக் கையால் தடவினாள். அவளுக்குத் தாயின் படம் கிடையாது, மோதிரம் கிடையாது, கல்லறையில் பெயர்கூட வெட்டவில்லை. எஸ்தரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எஸ்தர் அத்தை, இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

எஸ்தர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை அப்போதே வெட்டிப்போட்டிருக்கலாம் என்று பிற்பாடு நினைத்தாள். அப்போது நினைக்கவில்லை. அப்போது தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

செப்டம்பரில் குழந்தை பிறந்தது, பெண். லாவினியா அந்த மூலையைத் தலைமாட்டில் வருகிற மாதிரி போட்டுக்கொண்டு படுப்பதாகவும், குழந்தையின் விரலைப் பிடித்து அந்த ரோஜாமேல் வைத்து "பாட்டி பூ" என்று சொல்லிக்கொடுப்பதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். எஸ்தர் காதில் அது விழும்போதெல்லாம் அவள் வேறு பேச்சு எடுப்பாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கிளம்பினாள். ஒரு தடவை பாதி வழியில் மழை வந்தது. இன்னொரு தடவை மழை வரவில்லை, ஆனாலும் திரும்பிவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டில், சுரங்கத்தின் மேல்பாறை இறங்கிவிட்டது. நான்கு பேர் அடியில். மூன்று பேர் தவழ்ந்து வெளியே வந்தார்கள். கத்பர்ட் வரவில்லை.

தெரு முழுக்கத் திரைச்சீலை இறங்கியது. கடிகாரத்தை நிறுத்தினார்கள், கண்ணாடியைத் துணியால் மூடினார்கள். பெக்கி டன்தான் அந்த ஊரில் பிரசவம் பார்க்கவும் வருவாள், பிணம் கழுவவும் வருவாள். அவள் கரியைச் சுரண்டி எடுத்துக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல போர்வையை அவன்மேல் விரிக்க வேண்டும். மறுநாள் ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தொடாமல் போனால் செத்தவன் கனவில் வருவான். தொட்டுவிட்டு, கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. போர்வையைப் பார்க்கும். ரேவன்சைக்கில் தையலைப் படிக்கத் தெரியாத பெண்பிள்ளை இல்லை. கட்டிலில் விரித்த கல்யாணப் போர்வையை நாலு பேர் பார்த்தார்கள். சாவுப் போர்வையை ஊரே குனிந்து பார்க்கும்.

எஸ்தர் பெட்டியைத் திறந்தாள். அடியில் அவளுடைய சொந்தக் கல்யாணப் போர்வை இருந்தது. ஐசக்கைக் கிடத்தினபோது அவன்மேல் விரித்தது. அதற்குப் பிறகு விரிக்கவே இல்லை. அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ஹெப்சி அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகமாக இல்லை, இன்னும் ஆரம்பிக்காத முகம். லாவினியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தாள். பெக்கி கத்பர்ட்டின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"இதைப் போடுங்க" என்றாள் எஸ்தர். "நம்ம வீட்டுது. ஐசக் மேல போட்டது."

ஹெப்சி அதைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது.

"உன் போர்வையவா? எஸ்தர்... உனக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கறது." எழுந்து வந்து எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. "நீ வாய்தான் கெட்டவ. மனசு தங்கம்டி."

பிணம் கிடக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய அடி எஸ்தருக்கு விழுந்திருக்க முடியாது.

லாவினியா தலையை ஆட்டினாள். "வேண்டாம் அத்தை. உங்க நல்ல மனசு. எங்களுது இருக்கே. எங்கம்மா பூ அவர் நெஞ்சுமேல வர்ற மாதிரி போடுங்க. அவரும் எங்கம்மாவும் பாத்துக்கிட்டதே இல்ல. இப்பவாவது அவங்க பாத்துக்கட்டும்."

பெக்கி பீச்சுப்பழ நிறப் போர்வையை எடுத்து விரித்தாள். நான்காவது மூலையைத் திருப்பி நெஞ்சுமேல் கொண்டுவந்தாள். ரோஜாவை நீவிவிட்டாள். நீவின கை நின்றது. விரல்நுனியை இலைக்கு இந்தப் பக்கம் வைத்தாள், பிறகு அந்தப் பக்கம் வைத்தாள். தலையைத் தூக்கி எஸ்தரைப் பார்த்தாள். மறுபடி சீப்பை எடுத்துக்கொண்டாள்.

பெக்கி பார்த்திராவிட்டால் எஸ்தர் சொல்லியிருப்பாளா? அது அவளுக்கே தெரியாது. கடைசிவரை அவள் தன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

"லாவினியா, அது உங்கம்மா பூ இல்ல."

"என்ன அத்தை?"

"உங்கம்மாவை நான் நினைக்கவே இல்ல. முறுக்கு சேரல. மூலையில ஆரம்பிச்சேன், அளக்காம. மூணு விரல் இடம் விட்டுப்போச்சு. அதை மூடத்தான் பூ வெச்சேன். ஹெப்சி கேட்டா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

ஹெப்சி பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். விட்ட கையைத் தன் மேலாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அறுந்த முறுக்கா?" என்றாள் மெதுவாக. "என் புள்ளைக்கு அறுந்த முறுக்கையா குடுத்த?"

"ஆமா."

"நாப்பது பேருக்கு சேந்துது. என் புள்ளைக்கு மட்டும் சேரலயா உனக்கு?"

"நீ அவசரப்படுத்தின. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்பு என் மேலதான்."

"வெளிய போடி. உன் கந்தலையும் எடுத்துக்கிட்டு வெளிய போ."

எஸ்தர் போர்வையை எடுத்துக்கொண்டாள். வாசற்படிக்கு வந்தபோது லாவினியா கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை, ஆனால் கால் நின்றுவிட்டது.

"அவர் செத்தது அதனாலயா அத்தை?"

"பாறை விழுந்து செத்தான். முட்டுக்கட்டை குடுக்க வேண்டிய எடத்துல குடுக்கல. பாறைக்குத் தையல் தெரியாது, பொண்ணே."

"நீங்க அப்படித்தான் நம்பறீங்களா?"

இன்னொரு பொய் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

"பகல்ல நம்பறேன்" என்றாள் எஸ்தர். "விளக்கை அணைச்ச பிறகு நம்ப முடியல."

லாவினியா குழந்தையை ஹெப்சியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். அந்த மூலையைக் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். அப்போது அவளுக்கு இரண்டாம் தடவையாகத் தாய் செத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எஸ்தருக்குத் தண்டனை, வேறு யாரும் தர வேண்டியதில்லை.

"இதைத்தான் போடணும்" என்றாள் கடைசியில்.

"லாவினியா!" என்றாள் ஹெப்சி.

"பொய்யோ நெசமோ, இதுக்கு அடியிலதான் நாங்க படுத்தோம், அத்தை. பத்து மாசம். வேற போர்வையில அவருக்குக் குளிரும்." பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஈரம் இல்லை. "ஆனா நாளைக்கு வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க. என்னைக் கேப்பாங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்க வந்து நின்னு சொல்லுங்க."

எஸ்தர் மறுநாள் காலை எட்டு மணிக்குக் கறுப்பு உடையில் வந்தாள். ஹெப்சி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலின் அந்தப் பக்கம், ரோஜா இருந்த பக்கம், எஸ்தர் நின்றாள். உட்கார நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. பெண்கள் வந்தார்கள், நெற்றியைத் தொட்டார்கள், குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் எஸ்தர் அதையே சொன்னாள்.

"முறுக்கு சேரல. என் தப்பு. மூலையில ஆரம்பிச்சு, பூ வெச்சு மூடிட்டேன்."

சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சிலர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போனார்கள். கசாப்புக்காரன் மனைவி, "எங்க மகளுது சேந்திருக்கா எஸ்தர்? நான் வீட்டுக்குப் போயி பாக்கணுமா?" என்றாள்.

"பாரு. நல்லாப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

"உன்னை நம்பித்தானே குடுத்தோம்."

"ஆமா."

பேசினால் பத்து பேச்சுப் பேசுகிறவள் அன்று 'ஆமா'வுக்கு மேல் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மத்தியானத்துக்கு மேல் தொண்டை கட்டிக்கொண்டது. ஓடைக்கு அப்பாலிருந்து வந்த மேட்டில்டா பெல், காது மந்தமான கிழவி, எஸ்தர் சொன்னதை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டாள். பிறகு கிட்டே குனிந்தாள். மந்தக் காதுக்காரி ரகசியம் சொன்னால் ரகசியமாகவா இருக்கும்? அறை முழுக்கக் கேட்டது.

"என்னுதும் சேரலடி. நானே தச்சது. முப்பத்தாறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக் கெழம் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கு, போய்த் தொலைய மாட்டேங்குது."

லாவினியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ரேவன்சைக்கிலிருந்து ஒரு கல்யாணப் போர்வைகூட எஸ்தரிடம் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேண்டாதவர்கள் சும்மா வீட்டில் கால் தடுக்கி விழுந்தால்கூட அவள் ஊசியைச் சொன்னார்கள். சபையில் ஹெப்சி மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள். தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் மாறிப் போனாள், சேறாக இருந்தாலும்.

எஸ்தர் வயிற்றுப்பாட்டுக்குத் தொட்டில் போர்வையும் நோயாளிப் போர்வையும் தைத்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலிருந்து வேலை வந்தது, அவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. அவள் யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுவாள், "முறுக்குக் கரை நான் போடறதில்ல" என்று. ஏன் என்று கேட்டால் ஏன் என்றும் சொல்லிவிடுவாள். பாதிப் பேர் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சம் பாதிப் பேருக்கு, இதயமும் முறுக்கும் இல்லாமல், அவள் இஷ்டத்துக்கு வரைந்தாள். வேலியில் சிக்கின ஆட்டு மயிர், ஓடைத் தண்ணீர் கல்லில் பட்டுப் பிரிகிற பிரிவு, உருளைக்கிழங்குத் தோல் சுருள், எல்லாம் அந்தப் போர்வைகளில் வந்தன. விளிம்பில் கரையே இல்லாமல் படம் அப்படியே ஓடிப் போய் நின்றது. பார்த்தவர்கள் முடிக்காமல் விட்டுவிட்டாள் என்றார்கள். முடித்த வேலை எது என்று அவளுக்குத் தெரியும். காட்ட வேறு ஆள் இல்லாததால் சாயங்காலங்களில் தானே விரித்துத் தானே பார்த்துக்கொள்வாள்.

முப்பத்தெட்டு மார்ச்சில் ஹெப்சி வந்தாள். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல், சட்டத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். கையில் பச்சைத் துணி.

"லாவினியா மறுபடி கட்டிக்கறா. பஸ் ஓட்டறவன். பொண்டாட்டி செத்தவன், குடிக்க மாட்டான்."

"நல்லது."

"நல்லதா கெட்டதான்னு நான் உன்னைக் கேக்கல. போர்வை உங்கிட்டதான் தைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. நான் வேணாம்னுதான் சொன்னேன். இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன்."

"அவ ஏன் கேக்கறா?"

"மத்தவ எல்லாம் நல்லா தெப்பாளுங்க, தப்பு பண்ணா சொல்ல மாட்டாளுங்களாம். நீ சொல்லிடுவியாம்." ஹெப்சி துணியைச் சட்டத்தின்மேல் போட்டாள். "முறுக்கோட வேணுமாம்."

எஸ்தர் துணியைத் தடவினாள். நல்ல துணி. எட்டு வருஷமாக இப்படி ஒரு துணி அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. லாவினியாவின் பெயரால் வந்தது. 'முடியும்' என்று சொன்னால் ஊர் முழுக்க அவள் பெயர் திரும்பிவிடும். ஹெப்சிக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது.

"என்னால முடியாது, ஹெப்சி."

"என்ன, கொழுப்பா?"

"கண்ணுல புரை. ரெண்டு வருஷமா. கோடு போட முடியும், கை தானாப் போகுது. தெக்கத்தான் முடியல. ஒரு தையல் ரெண்டாத் தெரியுது. ரெண்டுல எது நெசம்னு குத்திப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்." விரலைக் காட்டினாள். நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.

ஹெப்சி அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், அவற்றை வைக்க இடம் தேடி, இடம் இல்லாததால் தரையிலேயே போட்டாள்.

"நீ கோடு போடு. நான் தெக்கறேன்."

"உன் தையல் மாட்டுப் பல்லு மாதிரி இருக்கும்."

"உன் கோடு மட்டும் சேந்துதா? வாயை மூடிட்டு நாடாவை எடு."

நான்கு பக்கமும் அளந்தார்கள். ஒரு முனையை எஸ்தர் பிடித்தாள், இன்னொரு முனையை ஹெப்சி பிடித்தாள். மூன்று தடவை அளந்தார்கள். ஹெப்சி நான்காம் தடவையும் அளக்கச் சொன்னாள்.

ஆறு வாரம் ஆயிற்று. ஹெப்சி காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். மத்தியானம் பட்டாணிக் களியும் ரொட்டியும் அவரவர் கொண்டுவந்ததை அவரவர் தின்றார்கள். செத்தவனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மன்னித்தேன் என்று ஹெப்சி சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்று எஸ்தர் கேட்கவும் இல்லை. தையலைப் பற்றித்தான் சண்டை, பொழுதன்றைக்கும் சண்டை. லாவினியா ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து, வாசலில் நின்று இரண்டு பேரும் கத்துவதைக் கேட்டுவிட்டு, தட்டாமலேயே திரும்பிப் போனதாகச் சொல்வார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை ஹெப்சி வந்து உட்கார்ந்து, துணியை உற்றுப் பார்த்தாள்.

"இங்க நேத்து நான் தச்சிருந்தேனே."

"தச்சிருந்த."

"எங்க காணும்?"

"பிரிச்சுட்டேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு வரிசை. தொட்டுப் பாத்தேன், கடலைமிட்டாய் மாதிரி நெருடுச்சு. முறுக்குக்கு அது ஆகாது."

"பிரிக்கறவ சொல்லிட்டுப் பிரிக்கறதுக்கென்ன?"

"இப்பச் சொன்னேனே."

ஹெப்சி எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண் இரண்டிலும் பால் படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது.

"நூலை எடு" என்றாள். கோர்த்தாள். அந்த இரண்டு வரிசையையும் மறுபடி முதலிலிருந்து தைத்தாள், இந்தத் தடவை சின்னதாக.